எஸ் போட்டால் வேறு வீடு

"கடலுக்கும் குயிலுக்கும் இன்னா மேடம் சம்பந்தம்? கம்பெனிக்கு ஓஷன்குயில்னு பேர் வெச்சான் பாரு, அப்பவே உஷாராயிருக்க வாணாமா இதுங்க?"

கேட்டுக்கொண்டே சுப்பிரமணி ஒற்றை விரலால் கீபோர்டில் எழுத்து எழுத்தாகத் தேடினான்.

2007-ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை காலை பத்தரை மணி. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சரோஜாவின் பிரவுசிங் சென்டரில் நாலு கம்ப்யூட்டர்கள். மூன்றில் வெள்ளைக்காரர்கள் ஊருக்கு மெயில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாலாவதில் சுப்பிரமணி. அவன் தோளுக்குப் பின்னால் வசுமதி.

வசுமதிக்கு நாற்பத்தாறு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பதினெட்டு வருஷம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்து, ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டில் கொளவாய் ஏரி தெரிகிற ஒரு மாடியறையில் துப்பறியும் நிறுவனம் போட்டவள். சுப்பிரமணி ஷேர் ஆட்டோவை விற்றுவிட்டு அவளுடைய ஆம்னி வேனை ஓட்ட வந்தவன். வந்த ஒரே மாதத்தில் 'இணை ஆய்வாளர்' என்று தனக்குத்தானே விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டான். வசுமதி அதை வாங்கிப் பார்த்து இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தாள். அதையே பதவி உத்தரவாக எடுத்துக்கொண்டான் அவன்.

கேஸ் வந்தது வியாழக்கிழமை. ஜெஸ்ஸி என்கிற இருபத்து நாலு வயது நர்ஸ், டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடு மாடியேறி வந்தாள். ஓஷன்குயில் மரைன் என்ற கம்பெனி, சொகுசுக் கப்பலில் வேலை என்று இன்டர்நெட்டில் விளம்பரம் செய்திருக்கிறது. மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றின் ஹாலில் இன்டர்வியூ. டை கட்டிய ஒரு ஆள் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து, விசாவுக்கு வேண்டும் என்று எல்லோருடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டான். அது நடந்து இரண்டு மாதம். டை கட்டியவனைக் காணோம். நாவலூரில் ஆபீஸ் என்று கொடுத்திருந்த போன் நம்பர் உயிரோடு இல்லை. வெப்சைட் மட்டும், உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று தினமும் சிரித்தது.

இதற்கிடையில் ஜெஸ்ஸிக்கு நிஜமாகவே ஒரு வேலை வந்துவிட்டது. ஓமனில் ஒரு ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை சென்னையில் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அவளுக்குத் துணையாகக் கூட வந்தவன் ரமேஷ். முப்பது வயது, மலர்ந்த முகம், ஏமாந்த பதினோரு பேரில் அவனும் ஒருவன். ஹோட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோவைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். மற்ற பத்துப் பேருக்கும் தைரியம் சொல்வது, எல்லோருக்கும் போன் செய்வது எல்லாம் அவன்தான். போலீஸ் வேண்டாம் என்று சொன்னதும் அவன்தான். கேஸ் என்று போனால் அந்த ஆள் பேப்பரையெல்லாம் கொளுத்திவிட்டு ஓடிவிடுவான் என்று பயந்தான்.

இன்று காலை லாட்ஜில் விசாரித்தார்கள். ஹாலை வாடகைக்கு எடுத்த பெயர் பொய். சரி, வெப்சைட்டில் டை கட்டியவன் படம் இருக்கிறதே, அதைப் பிரிண்ட் எடுத்துக் கடைத்தெருவில் காட்டலாம் என்றுதான் சரோஜா கடைக்கு வந்தது.

சுப்பிரமணி ஒருவழியாக விலாசத்தை அடித்து முடித்தான். திரையில் ஒரு பெட்டி குதித்தது.

"மேடம், சர்டிபிகேட்ல கீற பேர் ஒத்துப்போவலயாம். மேல போவட்டுமான்னு கேக்குது. நம்மாண்ட சர்டிபிகேட்டே இல்ல, பேர் எங்கேந்து ஒத்துப்போறது?"

"என்ன அமுக்கினீங்க?"

"யெஸ் தான். எது கேட்டாலும் யெஸ் அமுக்கறது என் பழக்கம். அப்டிதான் கல்யாணமே ஆச்சு."

அடுத்த நிமிஷம் கடை முழுக்க நாதஸ்வரம் முழங்கியது. வெள்ளைக்காரர் மூவரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். திரையில் கப்பல் இல்லை, கடல் இல்லை. வாழைமரம் கட்டிய ஒரு வளைவு. அதன் கீழே 'திருவேங்கடம் மஹால், கருங்குழி. அறுநூறு பேர் அமரலாம். முகூர்த்தத் தேதிகளை இங்கேயே பதிவு செய்யலாம்' என்று மின்னி மின்னி ஓடியது.

"இன்னாடா இது, கப்பலக் கூப்ட்டா மண்டபம் வருது" என்றான் சுப்பிரமணி, ஒலியைக் குறைக்கத் தெரியாமல் ஸ்பீக்கரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு.

வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ரமேஷ் அங்கிருந்தே சொன்னான்: "எஸ்ஸ எடுத்துட்டு அடிங்கண்ணே. சரியா வந்துடும்."

சுப்பிரமணி எடுத்துவிட்டு அடித்தான். நீலக் கடல், வெள்ளைக் கப்பல், டை கட்டியவன், எல்லாம் வந்துவிட்டது.

"டிரெயின் டிக்கெட் போட்டுப் போட்டு கைக்கு அதே பழக்கம்" என்று அசடு வழிந்தான். "ஹெச் டி டி பிக்குப் பின்னால ஒரு எஸ்ஸும் சேத்து உட்டுட்டேன்."

"திரும்பவும் எஸ் போடுங்க" என்றாள் வசுமதி.

போட்டான். மறுபடி நாதஸ்வரம். எஸ் இல்லாவிட்டால் கப்பல், எஸ் இருந்தால் மண்டபம். ஐந்து முறை செய்துபார்த்தார்கள். ஐந்து முறையும் அப்படியே.

வசுமதி சரோஜாவைப் பார்த்தாள். சரோஜா வாடிக்கையாளர்களுக்குப் பாஸ்வேர்டு மறந்தால் மீட்டுக்கொடுப்பதிலிருந்து பக்கத்து லாட்ஜுகளுக்கு வெப்சைட் போட்டுக்கொடுப்பது வரைக்கும் தானே கற்றுக்கொண்டவள். எழுந்து வந்து திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது அவளுக்கு.

"ஒரே பில்டிங்ல ரெண்டு வூடுன்னு வெச்சுக்க மேடம். முன்வாசல்ல ஒரு வாச்மேன் கீறான். யாரப் பாக்கணும்னு கேட்டு அந்த வூட்டுக்கு அனுப்புவான். கப்பல்னா கப்பல் வூடு, மண்டபம்னா மண்டப வூடு. எஸ் போட்டா அது பூட்டுப் போட்ட பின்வாசல். அங்க வாச்மேன் கெடையாது. எவன் பூட்டு வாங்கி மாட்டினானோ அவன் வூட்லதான் போய் நிப்ப, நீ யார் பேர சொல்லித் தட்டினாலும்."

"பூட்டு மண்டபத்துக்காரருடையது."

"ஆமா. பேர் ஒத்துப்போவலன்னு அது சொல்றது அதத்தான். அந்தப் பூட்டத்தான் சர்டிபிகேட்னு சொல்லுது. பூட்டுல மண்டபத்து பேர் எழுதிகீது, நீங்க கப்பல் பேர சொன்னீங்க."

"இதே பில்டிங்கில் இருநூறு பேர் குடியிருந்தால்? யாரோ எவரோன்னு ஆகிடுமே."

சரோஜா ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து எதையோ ஒட்டித் தேடினாள். அரை நிமிஷம். "இருநூறு இல்ல மேடம். ரெண்டே ரெண்டுதான். யாரோ ஒருத்தர் மொத்த பில்டிங்கையும் எடுத்து ரெண்டு வூடு வெச்சிருக்காரு."

வசுமதி நோட்டை மூடினாள்.

வேன் கிளம்பியது. பின்சீட்டில் ரமேஷ். முன்னால் உட்கார்ந்திருந்த வசுமதி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "முதலில் நாவலூர். அந்த ஆபீஸ் விலாசத்தில் அக்கம்பக்கம் விசாரிக்கலாம். அங்கே எப்படியும் மூணு மணி ஆகும். அப்புறம் சாயந்திரம் அஞ்சு மணி வாக்கில் கருங்குழி போய் அந்த மண்டபத்தையும் ஒரு பார்வை பார்த்துடலாம்."

"மண்டபமெல்லாம் வேஸ்ட் மேடம்" என்றான் ரமேஷ். "கம்ப்யூட்டர்ல இந்த மாதிரி கோளாறு சகஜம். நாவலூர்தான் முக்கியம். நல்லா விசாரிங்க, நேரமானாலும் பரவாயில்ல."

பூஞ்சேரி கூட்டு ரோடு வருவதற்குள் அவன் முகம் சுருங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டான். காலையில் தின்ற பூரி ஒத்துக்கொள்ளவில்லையாம். இங்கேயே இறங்கி பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றான்.

சுப்பிரமணிக்குப் பாவமாக இருந்தது. அதே பூரியை அவனும்தான் தின்றிருந்தான், ஆறு. தன் வயிற்றை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். "மோர் வாங்கிக் குடி நைனா. அலையாத, படுத்துக்க" என்று சொல்லி இறக்கிவிட்டான்.

வேன் நாவலூர்ப் பக்கம் திரும்பி ஒரு கிலோமீட்டர் போயிருக்கும்.

"வண்டியைத் திருப்புங்க" என்றாள் வசுமதி. "நேரா கருங்குழி."

"நாவலூரு?"

"அது எங்கேயும் ஓடிப்போகாது."

"ரமேசுக்கு ஒரு போன் போட்டு சொல்லிரவா? பாவம், நாம நாவலூர்ல கீறோம்னு நெனச்சிக்கினு இருப்பான்."

"வேண்டாம். வயிறு சரியில்லாதவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாடி ஒரு பஸ் போகும். அதை முந்திடுங்க."

மேடத்துக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சுப்பிரமணி. திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழைந்து நின்ற நேரத்தில் வேன் வெளியே தாண்டிப் போனது. செங்கல்பட்டில் டீக்குக்கூட நிறுத்தவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்னிக்கு அது பிறந்த நாளிலிருந்து தெரியாத வேகம் ஒன்றை அவன் அறிமுகப்படுத்தினான்.

கருங்குழியில் மண்டபத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. மறுநாள் கல்யாணம், வாசலில் நிஜ வாழைமரமே கட்டிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் அண்டாவில் சாம்பார் கொதிக்கும் வாசனையில் சுப்பிரமணி ஒரு கணம் கேஸை மறந்தான்.

மண்டபத்துச் சொந்தக்காரர் திருவேங்கடம் அறுபது வயதுக்காரர். நிலக்கடலை போட்டு, லாரி வாங்கி, லாரியிலிருந்து மண்டபத்துக்கு வந்தவர். வெப்சைட் என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தில் விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களாமா? பூட்டுப் போட்டிருக்கும் பாத்தீங்களா? மதுராந்தகம் சுத்துவட்டாரத்துல பூட்டுப் போட்ட வெப்சைட்டு எந்த மண்டபத்துக்கும் கெடையாது. தேதி பதியறவங்க விவரம் வெளிய போவக்கூடாதுன்னு நான்தான் சொல்லி வாங்கிப் போட்டேன்."

"யார் செஞ்சு கொடுத்தாங்க?"

"வெப் தம்பிதான். தங்கமான புள்ள. தெறப்பு விழாவே வெச்சோமே."

அவர் கைகாட்டிய சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரைச் சுற்றி ரிப்பன், ரிப்பனுக்கு முன்னால் கத்தரிக்கோலோடு திருவேங்கடம். அவர் பக்கத்தில் சந்தன மாலை போட்டுக்கொண்டு, மலர்ந்த முகத்தோடு ரமேஷ்.

சுப்பிரமணிக்குச் சாம்பார் வாசனை நின்றுபோயிற்று. படத்துக்கு அருகே போய்ப் பார்த்தான், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். துடைத்ததால் முகம் மாறவில்லை.

"மேடம், இது நம்ம..."

"ஆமா."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"சரோஜா கடையிலேயே. ரமேஷ் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார், திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. நீங்க எஸ் சேர்த்து அடிச்சது உங்களுக்கே அப்போ தெரியாது. ஸ்க்ரீனையே பார்க்காதவர் எஸ்ஸை எடுங்கன்னு சொல்றார். கப்பலுக்குப் பதிலா மண்டபம் வந்தால் அது எஸ்ஸாலதான்னு யாருக்குத் தெரியும்? அந்த ரெண்டு வீட்டையும் கட்டினவருக்குத்தான்."

வியாழக்கிழமையிலிருந்து ரமேஷுக்குத் தான் வாங்கிக்கொடுத்த டீயெல்லாம் நினைவுக்கு வந்து சுப்பிரமணிக்குக் கசந்தது. கூடவே உட்கார்ந்து, கூடவே கவலைப்பட்டு, ஏமாந்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே தெரிந்துகொண்டிருக்கிறான். இன்டர்வியூ அன்றைக்கும் அப்படித்தான். டை கட்டியவன் மேஜைக்குப் பின்னால். அவனை அனுப்பியவன் வரிசையில் ஜெஸ்ஸிக்கு அடுத்த நாற்காலியில்.

வசுமதி திருவேங்கடத்தை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்கக் கேட்க, பூட்டின் பெருமையெல்லாம் முகத்திலிருந்து இறங்கியது.

"எங்கிட்ட ஒரு ரூம் கேட்டான்மா" என்றார் மெதுவாக. "மாப்பிள ரூமுக்குப் பக்கத்துல. கம்ப்யூட்டர் பேப்பர் வெக்கணும்னு. ஒரு டிரங்குப் பெட்டி கீது. சாவி அவங்கிட்டதான். வாங்க, கடப்பாரை எடுத்தாந்து ஒடச்சிடறேன்."

"நாம் உடைச்சால் நாமே வச்சோம்னு சொல்லுவார். அவர் கையாலே திறக்கட்டும். இப்போ பஸ் மாறி வந்துகிட்டிருப்பார். நாம அஞ்சு மணிக்குத்தான் வருவோம்னு அவருக்குத் தெரியும். நீங்க ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடுங்க."

அரை மணியில் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வேட்டி சட்டையில் வந்து, கல்யாண வீட்டுக்காரர் போல நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வசுமதி பூக்கட்டும் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள். சமையல்காரரிடம் துண்டு ஒன்றை வாங்கித் தலையில் கட்டிக்கொண்ட சுப்பிரமணிக்கு, வேஷத்துக்குப் பொருத்தமாக ஒரு சாம்பார் வாளியும் கிடைத்தது. அதை ருசி பார்ப்பதும் துப்பறியும் வேலையில் சேர்த்தி என்று அவன் முடிவு செய்தான்.

இரண்டே முக்கால் மணிக்கு ஆட்டோ ஒன்று வந்து நின்றது. வயிற்று வலி இறங்கியவன் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினான். யாரையும் பார்க்கவில்லை. நேராக அந்த அறை. பூட்டு திறக்கும் சத்தம், பெட்டி மூடி சுவரில் மோதும் சத்தம். அவன் ஒரு பெரிய ரெக்சின் பையோடு நிமிர்ந்தபோது வாசலை அடைத்துக்கொண்டு சாம்பார் வாளி நின்றது.

"வயிறு எப்டி கீது நைனா?" என்றான் சுப்பிரமணி. "பந்தி போடப் போறாங்க. சாப்ட்டே போலாம்."

ரமேஷ் வாளியைப் பார்த்தான், அதற்குப் பின்னால் வந்து நின்ற வசுமதியைப் பார்த்தான். சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்ள அவனுக்கு இரண்டு வினாடி பிடித்தது.

"மேடம், நானும் இதத் தேடித்தான் வந்தேன். உங்களுக்கு சிரமம் வேணாம்னு..."

"சாவியும் தேடினப்போ கிடைச்சுதா?"

அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். சாவி விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

பையில் பத்து உறைகள் இருந்தன. ரமேஷின் டிப்ளமோ இல்லை. அப்படி ஒன்று இருந்ததே இல்லை. புதன்கிழமை மும்பை ஏஜென்ட் ஒருவனிடம் அந்தப் பத்து உறைகளும் போய்ச் சேரவேண்டும் என்று அன்று மாலைக்குள் அவனே ஒப்புக்கொண்டான். அந்தப் பெயர்களில், அந்தப் படிப்புகளில், வேறு பத்துப் பேர் விமானம் ஏறியிருப்பார்கள். டை கட்டியவன் விலாசமும் அவன் வாயிலிருந்தே வந்தது.

ஜெஸ்ஸியின் உறை ஆறாவதாக இருந்தது. வசுமதி போனை அழுத்தி சுப்பிரமணியிடம் கொடுத்தாள். "நீங்களே சொல்லுங்க."

வார்டில் இருந்தாள் போல. பின்னால் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

"ஜெஸ்ஸிம்மா, கெடச்சிச்சி" என்றான்.

இருமல் சத்தம் தள்ளிப்போனது. வார்டுக்கு வெளியே வந்துவிட்டாள் போல.

"இன்னாம்மா, லைன்ல கீறியா?"

"நிஜமா எங்களதுதானா அண்ணா? நம்பர் படிங்க."

அவன் நர்ஸிங் சர்டிபிகேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். "ஆறு, ஒண்ணு, எட்டு, பூஜ்யம்..." அடுத்த எண்ணை அவன் சொல்வதற்குள் அவள் சொன்னாள். அதற்கடுத்ததையும் அவளே சொன்னாள். கடைசி மூன்று எண்ணை இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். அதன்பின் அவள் வாயைப் பொத்திக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது. சுப்பிரமணி இதற்கு ஒரு ஜோக் வைத்திருந்தான். சொல்லவில்லை.

பேப்பரெல்லாம் கேஸுக்கு வேண்டும் என்றார் சப்-இன்ஸ்பெக்டர். வசுமதி ஞாயிற்றுக்கிழமை பூராவும் அலைந்து, நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, ஜெஸ்ஸியின் உறையை மட்டும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் ஜெஸ்ஸியைச் சென்னைக்குக் கூட்டிப்போனது சுப்பிரமணிதான். நாலாவது மாடிக்குப் போனவள் பதினைந்து நிமிஷத்தில் இறங்கி வந்துவிட்டாள். அவன் அவசரமாக வேனிலிருந்து இறங்கினான். இத்தனை சீக்கிரம் வந்தால் என்ன அர்த்தம்?

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல அண்ணா. வாங்கிப் பார்த்தாங்க. சீல் வச்சாங்க. திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அவ்ளோதானா? ரெண்டு மாசம் இதுக்கா பேஜாரு?"

"அவ்ளோதான். அடுத்த மாசம் டிக்கெட் அனுப்புவாங்களாம்."

வண்டியில் ஏறியதும், உறையைப் பின்சீட்டில் வைத்துக்கொள் என்றான். அவள் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கிண்டி தாண்டும்போதே தூங்கிவிட்டாள்; இரண்டு மாதத்துத் தூக்கம் பாக்கி இருந்தது. தாம்பரம் சிக்னலில் ஒரு பஸ் குறுக்கே வர, சுப்பிரமணி பிரேக்கைச் சட்டென்று அழுத்தினான். அவள் கண் திறக்கவில்லை. இரண்டு கையும் மட்டும் அந்த உறையை இறுக்கிப் பிடித்தன. அதன்பின் செங்கல்பட்டு வரைக்கும் அவன் வண்டியை நாற்பதுக்கு மேல் ஓட்டவில்லை.